ஓட்டை போட்ட டிரம்மும் நீல நகலும்

கால்வனைசிங் பட்டறையில் வந்து "கழிவு" என்று பொதுவாகச் சொன்னால், எந்தக் கழிவு என்று திருப்பிக் கேட்பார்கள். இரும்புக் கோணங்களையும் குழாய்களையும் ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுத்து, கழுவி, துத்தநாகம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கரைசலில் நனைத்து, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இறக்கி எடுப்பது எங்கள் தொழில். மின்கோபுரத்தின் சட்டங்களும் தெருவிளக்குக் கம்பங்களும் இப்படிப் பூச்சு வாங்கித்தான் வெள்ளி நிறத்தில் நிற்கின்றன. வடசென்னையில் மணலி பக்கம் உள்ள அப்படியொரு பட்டறையில் ஆய்வகத்துக்கென்று சேர்ந்தேன். அங்கே வேதியியல் படித்த ஒரே ஆள் நான் என்பதால் கழிவும் என் தலையில் வந்து விழுந்தது. உற்பத்தியில் இருப்பவர்கள் மாதக் கடைசியில் இத்தனை டன் பூச்சு போட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். எனக்கு மூட்டைக் கணக்குதான்.

இந்த வேலையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காசு உள்ள கழிவும் காசு இல்லாத கழிவும் வேறு வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும் என்பதை. துத்தநாகத் தொட்டியின் மேலே படியும் சாம்பலையும், அடியில் தங்கும் டிராஸ் என்கிற கசடையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராஸில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகமே இருக்கும். அதைப் பூட்டி வைக்காவிட்டால் திருட்டுப் போகும். துத்தநாக ஆக்சைடும் சல்பேட்டும் தயாரிப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் விற்றுவிட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் அதை வெளியே அனுப்ப யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

தீர்ந்துபோன ஆசிட், சுத்திகரிப்பு நிலையத்தில் படியும் சேறான ஸ்லட்ஜ், எண்ணெய் தோய்ந்த பஞ்சு, கிழிந்த கையுறை ஆகியவற்றுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். முதலாளிகளின் முகம் மாறுவது இங்கேதான். எங்கள் முதலாளி கெட்டவர் அல்லர், கணக்குப் பார்ப்பவர். "விற்று வரும் காசில் பாதியைக் குப்பைக்குக் கொடுக்கிறோமே அம்மா" என்பார். பாதியெல்லாம் இல்லை. இருந்தாலும் அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆகவே குறைக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். தொட்டியிலேயே இருந்தது.

கழுவிய நீரும் சிந்திய ஆசிடும் சுத்திகரிப்புத் தொட்டிக்கு வரும். சுண்ணாம்புப் பால் ஊற்றி அமிலத்தை முறித்தால், கரைந்திருந்த இரும்பும் துத்தநாகமும் சேறாகத் திரளும். முதலில் கரும்பச்சையாக இருக்கும். காற்று ஊத ஊதச் செம்பழுப்பாக மாறி நன்றாகப் படியும். சுண்ணாம்பு கூடினால் தண்ணீர் சுத்தமாகும் என்பது ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கூடினால் கெடும். துத்தநாகம், அமில-கார அளவான பி.எச் 9-ஐ ஒட்டி நன்றாகத் திரண்டு பிரியும். 11-ஐத் தாண்டினால் மறுபடியும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும். ஆய்வகத்தில் சோதித்தால் வண்டவாளம் வெளியே வரும்.

சுண்ணாம்பு சோம்பேறி, ஊற்றியவுடன் வேலையைக் காட்டாது. அளவு காணவில்லையே என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டர் எங்கோ போயிருக்கும். ஊற்று, கலக்கு, காத்திரு, பிறகு அள. இதைத் தொட்டிச் சுவரில் பெயின்டில் எழுதி வைத்தேன். மீட்டரின் முனையில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து பொய் அளவு காட்டும் என்பதால், தினமும் நீர்த்த ஆசிடில் கழுவி, பி.எச் தெரிந்த திட்டக் கரைசலில் சரிபார்க்கும் வேலையை ஒருவர் பொறுப்பில் விட்டேன். வீணாகும் சுண்ணாம்பு முழுவதும் ஸ்லட்ஜின் எடையில்தான் வந்து சேர்கிறது. அதைச் சரிசெய்ததுமே மூட்டைகள் குறைந்தன.

மிச்சம் தண்ணீர். சேற்றைப் பிழிந்து நீரை வடிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து விழும் கட்டியான கேக் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் நீர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள பொது நிலநிரப்புக்கு டன் கணக்கில் கட்டணம் கட்டுகிறோம். லாரி வாடகையும் எடைக்குத்தான். ஆக, மணலித் தண்ணீரைக் காசு கொடுத்துக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கூரை போட்ட, அடியில் வடிகால் வைத்த உலர்தளம் ஒன்றைக் கட்டச் சொன்னேன். கட்டிய செலவு கட்டணத்திலேயே திரும்பி வந்துவிட்டது. முதலாளி என்னிடம் முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். கூரை இல்லாமல் வெயிலில் காயவைக்கும் பட்டறைகளும் உண்டு. ஒரு மழை பெய்தால் காய்ந்ததெல்லாம் வாய்க்காலுக்குப் போகும். அது சிக்கனம் அல்ல, குற்றம்.

நிலநிரப்பு என்றதும் பலர் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. இங்கே முதலில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். உலோகம் கசியும் என்று தெரிந்தால் சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் ஏதாவது கலந்து இறுக்குவார்கள். களிமண்ணும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காகப் போட்ட குழியில்தான் கொட்டுவார்கள். அடியில் ஊறும் கசிவுநீரைக் குழாய் வைத்து எடுப்பார்கள். சொட்டச் சொட்ட ஈரமாகக் கொண்டுபோனால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக வர வாடகை நமக்கு.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவை 90 நாள்தான் வளாகத்தில் வைத்திருக்கலாம். ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உண்டாக்கும் சிறிய பட்டறை என்றால் வாரியத்திடம் கேட்டு 180 நாள்வரை நீட்டிக்கலாம். கெடு முடியும் வாரத்தில் லாரி தேடினால் கிடைக்காது. எல்லோரும் அதே வாரத்தில்தான் தேடுவார்கள். மூட்டை கட்டிய தேதியைச் சாக்கிலேயே எழுதிவிடுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். கிடங்குக்கு வந்த ஓர் அதிகாரி பதிவேட்டைத் திறக்கவே இல்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய் மூலையில் கிடந்த மூட்டையின் தேதியைத்தான் பார்த்தார். அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது.

இனி தாள்களுக்கு வருகிறேன். படிவம் 10 என்கிற மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு போகும் அனுப்புச் சீட்டு, ஏழு நகல், ஏழு நிறம். வெள்ளையை நாம் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். லாரிக்காரரின் கையெழுத்து வாங்கிய மஞ்சள் நம்மிடம் தங்கும். மற்ற ஐந்தும் லாரியோடு போகும். இளஞ்சிவப்பு நகலைக் கழிவைப் பெறுபவர் வைத்துக்கொள்வார், ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சையைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்புவார். சாம்பல் நிறத் தாள் வெளிமாநிலத்துக்குப் போகும் கழிவுக்கு மட்டும். நீல நகல்தான் நம்மிடம் திரும்பி வர வேண்டியது. "நீங்கள் அனுப்பியது எங்களிடம் வந்து சேர்ந்தது, எடை இவ்வளவு" என்று பெற்றவர் கையெழுத்திட்ட தாள் அது. இணைய வழிப் பதிவு வந்த பிறகும் நான் நீலத்தைக் கோப்பில் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று எங்கள் ஃபோர்மேன் அண்ணனே கேட்டிருக்கிறார். கேட்டைத் தாண்டியதும் கழிவு நம் கையை விட்டுப் போய்விட்டதாகத்தான் பட்டறையில் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. கழிவைத் தவறாகக் கையாண்டதால் சேதம் ஏற்பட்டால் உண்டாக்கியவரும் பொறுப்பு. நீலம் வராதவரை அந்த லாரி இன்னும் எங்கள் வாசலில் நிற்பதாகவே என் கணக்கு. எங்கள் எடைமேடைச் சீட்டுக்கும் அவர்கள் எடைக்கும் சிறு வித்தியாசம் வரும், ஈரம் வடிந்திருக்கும். பெரிய வித்தியாசம் என்றால் அன்றைக்கே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கழிவின் வகை எண்ணும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஸ்லட்ஜ் 35.3, தீர்ந்த ஆசிட் 12.2, காலி டிரம் 33.1. அனுமதி ஆணையில் ஒன்று, லேபிளில் ஒன்று, மேனிஃபெஸ்டில் ஒன்று என்று இருந்தால் நேர்மையாக நடப்பவனும் திருடனாகத் தெரிவான்.

தீர்ந்த ஆசிடுக்குத்தான் தரகர்கள் வருவார்கள். ஒருவர் தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசினார்.

"மேடம், டேங்கர் நாங்களே கொண்டுவருகிறோம். இப்போது கட்டுவதில் பாதி கொடுத்தால் போதும்."

"எங்கே கொண்டுபோவீர்கள்?"

"அந்தக் கவலை உங்களுக்கு எதற்கு? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

"பார்த்துக்கொள்ளும் தொழிற்சாலையின் பெயரும், அவர்களுடைய அனுமதி ஆணை நகலும் அனுப்புங்கள். நீல நகல் எத்தனை நாளில் வரும் என்றும் சொல்லுங்கள்."

அதற்குமேல் பேச்சு நீளவில்லை. தீர்ந்த ஆசிட் என்பது பெரும்பாலும் ஃபெர்ரஸ் குளோரைடு என்கிற இரும்பு உப்பு. அதை ஃபெர்ரிக் குளோரைடாக மாற்றித் தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்பவர்கள் உண்டு. முறையான அனுமதியோடு செய்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்வதில்லை. கேட்பதற்கு முன்பே தாளை நீட்டுவார்கள். பாதி விலைக்கு எடுப்பவர் ஆசிடை எங்கே விடுவார் என்பதைத் திருவொற்றியூரிலும் மணலியிலும் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கிங்ஹாம் கால்வாயின் நிறத்தைப் பள்ளிக்கூடம் போகும்போதே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

டிரம் விஷயத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். எனக்கு அதிகச் சண்டை வாங்கிக் கொடுத்தது அதுதான்.

ரசாயனம் வரும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் காலியானதும் காசு உள்ள கழிவாகிவிடுகிறது. காயலான் கடைக்காரர் டிரம்மைத் தட்டிப் பார்ப்பார், மூடியைத் திருகிப் பார்ப்பார், எண்ணிக்கைக் கணக்கில் விலை பேசுவார். கழுவி, லேபிளைச் சுரண்டி, மேல் பக்கத்தை வட்டமாக அறுத்துவிட்டால் தண்ணீர் டிரம் தயார். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் நடந்து பாருங்கள்: வாசலுக்கு ஒன்று, இரண்டு என்று நீல டிரம்கள் லாரித் தண்ணீருக்காக நிற்கும். அவற்றில் எது எதிலிருந்து வந்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. விற்றவருக்கும் பல நேரம் தெரியாது.

எங்கள் டிரம்களில் சில பூச்சுக்குப் பின் முக்கும் குரோமேட் கரைசலுடையவை. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ஆசிட் டிரம் என்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். குரோமேட்டுக்கு வாடை கிடையாது. வெறும் மஞ்சள் கறை, நாலு முறை தேய்த்தால் அதுவும் மங்கிவிடும். சில ரசாயனங்கள் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிவிடுவதால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஆகவே மும்முறை கழுவி, அந்த நீரைச் சுத்திகரிப்புக்கு விட்டு, பிறகு ஒவ்வொரு டிரம்மின் வயிற்றிலும் அடியிலும் டிரில்லால் ஓட்டை போடச் சொன்னேன். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓட்டை டிரம்முக்குக் கிலோ விலைதான் மேடம் கிடைக்கும். முழு டிரம்மை யாராவது உடைப்பார்களா?"

"உங்கள் வீட்டு வாசலில் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது?"

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மகன்தான், "அப்பா, அதை மாற்றிவிடலாம்" என்றான். வியாபாரம் என்னவோ அங்கே நடக்கவில்லை. 33.1 வகைக்கு வாரிய அனுமதி உள்ள ஒருவருக்கே கிலோ விலைக்குக் கொடுத்தோம். முதலாளிக்கு அந்த வித்தியாசத் தொகை உறுத்தியது. எங்கள் லேபிள் ஒட்டிய டிரம் ஒன்று ஒரு வீட்டு வாசலில் கிடைத்து, அங்கே ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பெயர் வரும் என்று கேட்டேன். டிரில் இயந்திரம் புதிதாக வாங்க மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு டிரம் வாங்குபவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வயிற்றுப் பகுதியில் சாய்சதுர வடிவ அபாயக் குறி ஒட்டுத்தாளைக் கிழித்த தடம், சுரண்டிய எழுத்து, மூடியின் திருகில் மஞ்சள் அல்லது பச்சைப் படிவு இருந்தால் வாங்காதீர்கள். எந்த அடையாளமும் இல்லாதது நல்ல டிரம் என்று அர்த்தமும் அல்ல. குடிக்க, சமைக்க வைத்துக்கொள்ளும் தண்ணீருக்குப் புதிய டிரம் வாங்குவதே நல்லது. பழையது துணி துவைக்கவும் கழிவறைக்கும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் எந்த டிரம் எதற்கு என்று எத்தனை நாள் நினைவில் இருக்கும்?

எங்கள் ஒரு மூட்டைக்கு ஏழு நகல் எழுதும்போதெல்லாம் எண்ணூர்ப் பக்கம் பார்வை போகாமல் இருப்பதில்லை. இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். அங்குள்ள அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கழிமுகத்தில் படிந்த சாம்பலைப் பற்றிக் காட்டுக்குப்பத்து மீனவர்களிடம் கேளுங்கள். சாம்பல், அலுமினியத் தாதுவைப் பதப்படுத்தும்போது மிஞ்சும் செம்மண் சகதி, சுரங்கத்தில் தாது பிரித்த பிறகு மிஞ்சும் கழிவு ஆகியவற்றை "அளவு அதிகம், தீங்கு குறைவு" என்று சொல்லி அபாயகரக் கழிவுப் பட்டியலிலிருந்து விதிகளே விலக்கிவைத்திருக்கின்றன. சாம்பலுக்குத் தனி அறிவிக்கை 1999-இல் வந்தது. 2021-இல் புதிதாகவும் வந்தது. அளவு குறைந்தால் ஏழு நிறத் தாள், மலையாகக் குவிந்தால் தனி ஏற்பாடு! எங்கள் பட்டறைக்குக் கிடைக்கும் கண்டிப்பு அங்கேயும் கிடைத்தால் கழிமுகத்தில் ஆழம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

மழைக்கு வருகிறேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னை பட்டது எல்லோருக்கும் தெரியும். 2023-இல் மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் படகில் நின்று வாளியாலும் குவளையாலும் அள்ளினார்கள், வலைகள் கறுத்தன, கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் ஒட்டியது. பெரிய ஆலைதான் இப்படிச் செய்யும் என்று சிறிய பட்டறைக்காரர்கள் சொல்லித் தப்பிக்க முடியாது. இடுப்பளவு தண்ணீர் வந்தால் எங்கள் கிடங்கில் உள்ளதும் அதே வழியில்தான் போகும்.

செப்டம்பர் முடிவதற்குள் கிடங்கைக் காலி செய்துவிடுங்கள். 90 நாள் கெடு பாக்கி இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். அக்டோபருக்குப் பிறகு சேருவதை உயர மேடையில், மரப் பலகைத் தட்டுகளின் மேல் அடுக்குங்கள். மேடையின் உயரத்தை முதலாளி சொல்லும் அளவுக்கு வைக்காதீர்கள். 2015-இல் சுவரில் விழுந்த தண்ணீர்க் கோடு எங்கே இருக்கிறது என்று பழைய காவலாளியிடம் கேட்டு அதற்கு மேல் வையுங்கள். காலி டிரம் மிதக்கும், உருளும், வேலியை இடிக்கும், சேர்த்துக் கட்டுங்கள். ஆசிட் தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் ஓரடியாவது இடம் விடுங்கள். கிடங்கைச் சுற்றிய சிறு வாய்க்காலில் வால்வு இருந்தால் அது மூடுகிறதா என்று வெயில் காலத்திலேயே திருகிப் பாருங்கள். மழையில் திருகினால் துருப்பிடித்துக் கையோடு வரும்.

பட்டறையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது. அபாயகரக் கழிவு உண்டாக்கும் ஒவ்வோர் ஆலையும் என்ன கழிவு, எவ்வளவு என்று கேட்டுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 14-இல் உத்தரவிட்டது. பல கேட்டுகளில் பலகை உண்டு. எண்தான் அழிக்க முடியாத பெயின்டில், போன ஆட்சிக் காலத்து எண்ணாக இருக்கும். மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். மாறாத எண்ணைக் காட்டி வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் ஆலையும் ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் ஆண்டுக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பலகையோடு ஒப்பிட்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

எங்கள் பலகையைத் திங்கட்கிழமைதோறும் நான் சாக்பீஸில் எழுதுகிறேன். வாசலில் இருக்கும் காவலாளி அண்ணன் அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் போன வார எண் அவருக்கு மனப்பாடம். கிடங்கு மூட்டைகளில் சிலவற்றை உலர்தளத்துக்கு மாற்றியதால் ஒரு வாரம் எண் குறைந்திருந்தது. "லாரியே உள்ளே வரவில்லையே அம்மா, எப்படிக் குறைந்தது?" என்று கேட்டார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்குத் திரும்பினார்.